தேசீயப் பூங்காக்களில் மோட்டார்ப் பிரயாணம்

கால்நடையாய்ச் செல்வோன் காணும் உலகம் வேறு. ஊர்தியில் விரைவோன் காணும் உலகம் வேறு. முன்னவன் சிறிது தூரம் சென்று பல காண்கின்றான். பின்னவன் நெடுந்தூரம் சென்று சில காண்கின்றான். இவ்விருவருள் மிகுதியாகப் பெற்றவன் யாவன் என்பது வெறுஞ் சொற்போருக்குரிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு பெரிய நாட்டின் அரசாங்கத்தார் நூறாண்டுகளுக்கு மேலாக இவ்வினாவை எதிர்ப்பட்டு, சாலை வகுத்தும் சட்டம் இயற்றியும் விடை தேடி வருகின்றனர். அந்நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. வினா எழுந்த இடங்கள் ஆங்குள்ள தேசீயப் பூங்காக்கள். அப்பூங்காக்களில் மோட்டார் வண்டி புகுந்த வரலாறும், அதனால் விளைந்த நன்மை தீமைகளும், பிரயாணிகள் இக்காலத்தில் ஆங்குச் செல்லும் முறையும் இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராயப்படும்.

தேசீயப் பூங்கா என்பது யாது?

பூங்கா என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது, பாத்தி கட்டி மலர்ச்செடி வளர்த்து, மாலை வேளையில் மக்கள் காற்று வாங்கும் நகரத் தோட்டமே. தேசீயப் பூங்கா அத்தகையதன்று. மலையும் காடும் ஆறும் ஏரியும், அவற்றில் வாழும் விலங்கும் பறவையும், இயற்கையில் இருந்தவாறே இருக்குமாறு காக்கப்படும் பெரு நிலப்பரப்பே அப்பெயர் பெறும். இவ்வகையில் உலகத்தில் முதலாவதாகப் பலராலும் எண்ணப்படுவது எல்லோஸ்டோன் பூங்கா. 1872-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ஆம் தேதி, யுலிஸிஸ் கிராண்ட் என்பார் அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த காலத்தில், அவர் ஒப்பமிட்ட சட்டத்தால் அது நிறுவப்பெற்றது. அதன் பரப்பு 3,472 சதுர மைல். அதன் பெரும்பகுதி வயோமிங் மாகாணத்தில் உள்ளது. எஞ்சியது மான்டானா, ஐடஹோ என்னும் இரு மாகாணங்களிற் படர்ந்திருக்கின்றது. நிலத்தைப் பிளந்து வெந்நீர் பீறிட்டெழும் ஊற்றுகளும், ஆழ்ந்த பள்ளத்தாக்கும், நீர்வீழ்ச்சிகளும், கரடி, ஓநாய், காட்டெருமை முதலிய விலங்குகளும் அங்கு உண்டு.

இப்பூங்காவை நிறுவிய சட்டம் இரண்டு காரியங்களை ஒருங்கே விதித்தது. மக்கள் வந்து கண்டு பயனும் இன்பமும் பெற வேண்டும் என்பது ஒன்று. அங்குள்ள இயற்கைப் பொருள்கள் கெடாமல் காக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. தனித்தனியே நோக்கின் இரண்டும் எளியன. ஒன்றாக நோக்கினாலோ இரண்டிற்கும் இடையே ஒரு சிக்கல் தோன்றும். யாரும் வாராவிடின் முதல் நோக்கம் பழுதாம். யாவரும் வந்து நெருங்கின் இரண்டாவது பழுதாம். பின்னர் நிகழ்ந்தன யாவற்றுக்கும் இச்சிக்கலே வேர் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

குதிரை வண்டிக் காலம்

தொடக்கத்தில் எல்லோஸ்டோனுக்குச் செல்லுதல் எளிதன்று. 1883-ஆம் ஆண்டில் வடபசிபிக் இருப்புப்பாதை பூங்காவின் வட எல்லைக்கு அணித்தாக வந்தது. இரயிலில் வந்திறங்கிய பிரயாணிகளைக் குதிரைகள் பூட்டிய பெருவண்டிகள் ஏற்றிக்கொண்டு, பல நாட்கள் பூங்காவைச் சுற்றிக் காட்டின. பகலெல்லாம் வண்டி, இரவில் விடுதி. முன் செல்லும் வண்டியின் புழுதி பின் வருவோர் முகத்தில் படியும். அதனை அடக்கச் சாலையில் நீர் தெளிப்பதும் உண்டு. இரயிற் கட்டணம், வண்டிக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகிய மூன்றையும் கொடுக்க வல்லவர் செல்வரே. ஆதலின், மக்கள் யாவருக்கும் உரியது என்று சட்டம் கூறிய பூங்கா, செயலில் சிலருக்கே உரியதாய் இருந்தது.

1886 முதல் 1918 வரை அப்பூங்காவைக் காத்தவர் அமெரிக்கத் தரைப்படையினர். படையின் பொறியியல் அதிகாரிகளே சாலைகளையும் வகுத்தனர். ஒன்றன்மேல் ஒன்றாக இரு வட்டங்கள் அமைந்து, 8 என்னும் இலக்கத்தைப் போலத் தோன்றும் பெருஞ்சுற்றுச் சாலை அவர்கள் காலத்தில் உருவாயிற்று. அதன் நீளம் இக்காலக் கணக்கில் 142 மைல். புகழ்பெற்ற காட்சிகளுட் பெரும்பாலானவற்றை அஃது ஒரு மாலைபோல் இணைக்கின்றது. இன்று மோட்டாரில் செல்வோர் பெரும்பாலும் அக்குதிரை வண்டிகள் சென்ற வழியையே பின்பற்றிச் செல்கின்றனர். ஊர்தி மாறியது, வழி ஏறக்குறைய மாறவில்லை. குதிரைக்கென வகுத்த வழியில் இயந்திரம் ஓடுவதால் நேர்ந்த நெருக்கடியைப் பின்னர்க் காண்போம்.

வாயிலில் வந்து நின்ற விருந்தினன்

மோட்டார் வண்டி முதன்முதலாகக் கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்கினுள் 1900-ஆம் ஆண்டில் நுழைந்தது. ஆனால் 1907-இல் அதிகாரிகள் அங்கு மோட்டாரைத் தடை செய்துவிட்டனர். அத்தடைக்குத் தக்க காரணம் இருந்தது. மலைச்சரிவுகளில் சாலைகள் குறுகியவை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். அத்தகைய இடத்தில் இயந்திரத்தின் ஓசை கேட்டுக் குதிரைகள் மிரளுமாயின், வண்டியில் இருப்போர் கதி யாது? மற்றொரு பக்கத்தில், வாஷிங்டன் மாகாணத்தின் ரெயினியர் மலைப் பூங்கா 1908-ஆம் ஆண்டளவிலேயே மோட்டாரை அனுமதித்தது. ஓரிடத்தில் விலக்கும் மற்றோரிடத்தில் ஒப்புதலுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன.

1912-ஆம் ஆண்டில் இதுபற்றிய விவாதம் முற்றியது. அப்போது அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஸ்தானாபதியாயிருந்த ஜேம்ஸ் பிரைஸ் என்னும் அறிஞர், யோசெமிட்டியில் மோட்டாரை விடலாகாது என்று ஒரு சபையிற் பேசினார். ஏதேன் தோட்டத்தில் புகுந்த சர்ப்பத்தை அவர் உவமையாகக் காட்டினார். அதனால் வரும் கேட்டை ஆதாம் முன்னரே அறிந்திருப்பானாயின் அதனை உள்ளே வரவிட்டிருக்க மாட்டான். அவ்வாறே மோட்டாரால் வரும் விளைவை உணர்ந்தோர் அதனைப் புறத்தே நிறுத்துவர் என்பது அவர் பேச்சின் கருத்து. அக்காலத்தில் இயற்கைக் காவலர்களுள் தலைசிறந்தவராய் விளங்கிய ஜான் மியூரோ வேறு நோக்குடையவராயிருந்தார். மோட்டாரை அவர் மூக்கு மழுங்கிய இயந்திர வண்டுக்கு ஒப்பிட்டு நகைத்தார். எனினும், தக்க கட்டுப்பாடுகளுடன் அஃது எல்லாப் பூங்காக்களிலும் அனுமதிக்கப்படும் என்பதை உணர்ந்து, அதனை வன்மையாய் எதிர்க்காது விட்டார். இவ்விரு பெரியாரும் இயற்கையின்பால் பேரன்புடையவரே. ஒருவர் வரப்போகும் கேட்டைக் கண்டார்; மற்றவர் வரப்போகும் மக்களைக் கண்டார். இருவர் கண்டதும் பின்னர் மெய்யாயிற்று.

1913-ஆம் ஆண்டில் யோசெமிட்டியின் வாயில் மோட்டாருக்கு மறுபடியும் திறக்கப்பட்டது. எல்லோஸ்டோன் 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ஆம் தேதி முதல் மோட்டாருக்கு முறைப்படி இடந்தந்தது. 1916-இல் குதிரை வண்டிகளும் மோட்டார்களும் ஒரே சாலையில் ஓடின. இரண்டும் எதிர்ப்படாதிருக்க, மோட்டார்கள் இன்ன இடத்தை இன்ன நேரத்தில் கடக்க வேண்டும் என்று இரயில்களுக்கு விதிப்பதுபோல் கால அட்டவணை விதித்தனர். எதிர்ப்பட்டால் குதிரைக்கே வழிவிட வேண்டும் என்பதும் விதி. இவ்வேற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1917-இல் குதிரை வண்டிகள் நீக்கப்பட்டு, அவற்றினிடத்தில் மோட்டார் பஸ்கள் வந்தன. விருந்தாக வந்து வாயிலில் நின்றவன், இரண்டே ஆண்டில் வீட்டுக்குடையவன் ஆனான்.

மோட்டார் செய்த நன்மை

1916-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி தேசீயப் பூங்கா இலாகா என்னும் தனி இலாகா ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் ஸ்டீபன் மேதர் என்பவர், வெண்காரத் தொழிலிற் செல்வம் ஈட்டியவர். மலையேறுதலில் விருப்பம் மிக்கவர். அவர் மோட்டாரை வரவேற்றார். அதற்கு அவர் கொண்ட நியாயம் சிந்திக்கத் தக்கது. காட்டை வெட்டவும், ஆற்றை அணையால் மறிக்கவும், சுரங்கம் தோண்டவும் விரும்புவோர் எக்காலத்தும் உளர். அவர்களுக்கு எதிராகப் பூங்காக்களைக் காக்க வேண்டுமாயின், சட்டசபையில் அவற்றுக்காகக் குரல் கொடுக்கும் மக்கள் பலர் வேண்டும். காணாத இடத்திற்காக யார் குரல் கொடுப்பார்? ஆதலால் மக்கள் வந்து காணட்டும், கண்டோர் விரும்புவர், விரும்பியோர் காப்பர் என்பதே அந்நியாயம்.

இலாகா தோன்றிய 1916-இல் எல்லாப் பூங்காக்களுக்கும் வந்தோர் தொகை ஏறக்குறைய மூன்றரை லட்சம். 1948-ஆம் ஆண்டிலோ எல்லோஸ்டோன் ஒன்றற்கே வந்தோர் பத்து லட்சத்தைக் கடந்தனர். மலிந்த விலையில் மோட்டார் கிடைத்தமையால், பள்ளி ஆசிரியரும் பயிர்த்தொழிலாளரும் பட்டறைத் தொழிலாளரும் கூடாரத்தையும் சமையற் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மனைவி மக்களோடு புறப்பட்டனர். இரயில் நேரமும் விடுதிக் கட்டணமும் அவர்களைத் தடுக்கவில்லை. விரும்பிய இடத்தில் நின்று, அதற்கென விடப்பட்ட இடத்திற் கூடாரம் அடித்துத் தங்கினர். சட்டம் கூறிய 'மக்கள்' என்னும் சொல்லுக்கு மோட்டார் ஓரளவு உயிர் கொடுத்தது எனலாம்.

ஓரளவு என்றதற்குக் காரணம் உண்டு. சாலை திறந்திருப்பினும் எல்லோருக்கும் ஒத்த வரவேற்பு இருந்ததில்லை. வர்ஜீனியா மாகாணத்தில் ஷெனண்டோவாப் பூங்கா உள்ளது. அதன் மலைமுகட்டின்மேல் 105 மைல் நீளமுள்ள அழகிய சாலையொன்று செல்கின்றது. மோட்டாரில் உலாவுதற்கென்றே வகுத்த சாலை அது. அவ்வழியில் வந்த கறுப்பு அமெரிக்கருக்கு, ஏனையோருடன் ஒருங்கே உண்ணவும் தங்கவும் இடமில்லை. அவர்களுக்கென்று 1939-இல் லூயிஸ் மலை என்னுமிடத்தில் தனியிடம் ஒதுக்கினர். அப்பிரிவினை அப்பூங்காவில் முற்றும் ஒழிந்தது 1950-ஆம் ஆண்டில்தான். வண்டி மக்களை வாயில்வரையிற் கொண்டுவர வல்லது. வாயிலிலுள்ளோர் மனத்தை அது திறக்க மாட்டாது.

மலையைக் கெடாமல் சாலை அமைத்தல்

மோட்டார் வரின் சாலை வேண்டும். சாலை வரின் மலையைக் குடைய வேண்டும். அங்ஙனம் குடையுங்கால் எதைக் காண வருகின்றோமோ அதுவே கெட்டுவிடும் அன்றோ? இவ்விடர்ப்பாட்டைப் பொறியியலார் எவ்வாறு தீர்த்தனர் என்பதற்கு மான்டானாவிலுள்ள கிளேசியர்ப் பூங்காவின் மலைச்சாலை சிறந்த எடுத்துக்காட்டு. சூரியனை நோக்கிச் செல்லும் சாலை என்னும் பொருள்பட அதற்குப் பெயர் இட்டிருக்கின்றனர்.

அச்சாலை மலைத்தொடரைக் கடந்து, 6,646 அடி உயரமுள்ள லோகன் கணவாயின் வழியாகச் செல்லவேண்டும். முதலில் ஒரு பொறியியலார் வகுத்த திட்டத்தில், பள்ளத்தாக்கிலிருந்து கணவாய் வரை பதினைந்து கொண்டையூசி வளைவுகள் இருந்தன. செலவு குறைவுதான், ஆனால் மலைச்சரிவு முழுவதும் கீறிய தழும்பாகத் தோன்றும். தாமஸ் வின்ட் என்னும் நிலக்காட்சி வல்லுநர் வேறொரு திட்டம் கூறினார். செங்குத்தான பாறைச் சுவரின் பக்கத்தையே வெட்டி, ஒரே ஒரு வளைவுடன், மெல்ல மெல்ல ஏறுமாறு சாலையை நீளவிட வேண்டும் என்பது அது. அதற்குப் பொருளும் உழைப்பும் மிகுதி; ஆயினும் மலையின் முகம் கெடாது. மேதர் அதனையே ஏற்றார். சாலைக்கரைச் சுவர்களை அம்மலையிற் கிடைத்த கல்லைக் கொண்டே கட்டினர். அவ்வேலையில் தொழிலாளர் மூவர் உயிர் நீத்தனர். 1933-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி ஏறத்தாழ 50 மைல் நீளமுள்ள அச்சாலை திறக்கப்பட்டது. மேதர் 1930-இலேயே இறந்துவிட்டமையால் அதனைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

அச்சாலையிற் செல்வோர் ஒன்றை எளிதில் உணர்வர். சாலை மலையை வெல்ல முயலவில்லை. மலைக்குப் பணிந்து செல்கின்றது. குளிர்காலத்தில் பெரும்பனி மூடிவிடும்; பனியை அகற்றிக் கணவாயைத் திறக்கப் பெரும்பாலும் ஜூன் இறுதியோ ஜூலையோ ஆகும். 21 அடிக்கு மேல் நீண்ட வண்டிகளை மலையேறும் பகுதியில் விடுவதில்லை. 1930-களிற் செய்த சிவப்பு நிற பஸ்கள், மேற்கூரையைச் சுருட்டி விடத்தக்கவை, பழுது பார்க்கப்பட்டு 2002 முதல் மீண்டும் அவ்வழியில் ஓடலாயின. அவற்றில் அமர்ந்தோர் தலையை உயர்த்திச் சிகரத்தைக் காணலாம்.

பிரயாணம் செய்யும் முறை

இனி, இக்காலத்தில் ஒரு குடும்பத்தார் எல்லோஸ்டோனை மோட்டாரில் காணும் முறையைப் பார்ப்போம். பூங்காவுக்கு ஐந்து வாயில்கள் உண்டு. வாயிலில் கட்டணம் செலுத்தினால் அச்சீட்டு ஏழு நாட்களுக்குச் செல்லும். அங்கேயே நிலப்படமும் விதிகள் அடங்கிய தாளும் பெறலாம். உள்ளே பெட்ரோல் கிடைக்கும் இடங்கள் சிலவே, ஒன்றுக்கொன்று தூரமானவை. ஆதலின் முன்னறிவுடையோர் அதனை நிரப்பிக்கொண்டே புறப்படுவர். 142 மைற் சுற்றுச் சாலையை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. பெரும்பாலான இடங்களில் உச்ச வேகம் மணிக்கு 45 மைலே. விலங்கு குறுக்கிடின் அதுவும் இல்லை. வடவட்டத்துக்கு ஒரு நாளும் தென்வட்டத்துக்கு ஒரு நாளுமாவது ஒதுக்குவோரே நிறைவடைவர்.

விடியற்காலையில் புறப்படுதல் நன்று. விலங்குகள் வெளிப்படுவது பெரும்பாலும் காலையிலும் மாலையிலுமே. வண்டி நிறுத்த இடம் கிடைப்பதும் காலையிலேதான். சாலையோரத்தில் வண்டிகள் ஒதுங்கி நிற்பதற்கென அகன்ற இடங்கள் விட்டிருக்கின்றனர். காட்சியைக் காண விரும்புவோர் வண்டி முழுவதையும் அங்கே ஒதுக்கிவிட்டுக் காண வேண்டும். பாதையின் நடுவில் நிறுத்துதல் குற்றம். பின்னால் விரைந்து வருவோர்க்கு அவ்விடங்களில் ஒதுங்கி வழிவிடுதல் மரியாதை.

காட்டெருமைக் கூட்டம் சாலையின் குறுக்கே நின்றுவிடுமாயின், வண்டிகள் ஒரு மைலுக்கும் வரிசையாக நிற்க நேரும். ஊதுகுழலை ஊதி அவற்றை விரட்ட முயலலாகாது. அவை தாமே விலகும்வரை காத்திருத்தல் வேண்டும். வண்டியை விட்டிறங்கினால், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜத்திற்கு அப்பாலும், ஏனைய பெருவிலங்குகளுக்கு 25 கஜத்திற்கு அப்பாலும் நிற்க வேண்டும் என்பது விதி. காட்டெருமை மந்தமாகத் தோன்றும். ஆனால் மனிதனினும் மிக விரைந்து ஓட வல்லது. படம் எடுக்கும் ஆசையால் நெருங்கிக் காயமுற்றோர் பலர்.

வெந்நீர் ஊற்றுகளுள் மிகப் பெயர்பெற்றது 'முதிய விசுவாசி' என்று பொருள்படும் பெயருடையது. அது சராசரி ஒன்றரை மணிக்கு ஒரு முறை, நூறு அடிக்கு மேலாகச் சீறி எழும். ஓரிரண்டு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ நின்று அடங்கும். அடுத்து எழும் நேரத்தை அங்குள்ள அதிகாரிகள் கணித்து எழுதி வைப்பர். எவ்வளவு விரைந்து வந்த வண்டியும் அதனை ஒரு நிமிஷம் முன்னதாக எழுப்ப மாட்டாது. நூறு மைல் விரைந்து வந்தோரும் மரப்பலகை இருக்கையில் அமர்ந்து காத்திருக்கின்றனர். அவ்வூற்றுகளைச் சூழ்ந்த நிலத்தின் மேலோடு மெல்லியது; அதன்கீழ்க் கொதிநீர். ஆதலின் பலகைப் பாதையை விட்டு ஓர் அடியும் வெளியே வைக்கலாகாது.

வந்த கேடுகள்

மோட்டாரினால் முதலில் கெட்டவை கரடிகள். சாலையோரத்தில் வந்து நின்ற கரடிக்குப் பிரயாணிகள் வண்டிச் சன்னல் வழியே ரொட்டியும் மிட்டாயும் கொடுத்தனர். பிச்சை எடுக்கப் பழகிய கரடி, கொடாதவரை அறைந்தது, வண்டிகளைப் பிளந்தது. 1931 முதல் 1969 வரை எல்லோஸ்டோனில் ஆண்டொன்றுக்குச் சராசரி 48 பேர் கரடிகளாற் காயமுற்றனர். பழகிய கரடிகளுள் பல கொல்லப்பட்டன. 1970 முதல் அதிகாரிகள் உணவளித்தலைக் கண்டிப்பாகத் தடுத்து, குப்பை மேடுகளையும் மூடினர். கரடிகள் மறுபடியும் காட்டு உணவைத் தேடக் கற்றன. காயங்களும் வெகுவாகக் குறைந்தன. அன்பு என்று எண்ணிக் கொடுத்த உணவே கரடிக்கு நஞ்சாய் முடிந்தது.

அடுத்த கேடு நெருக்கம். இரண்டாம் உலகயுத்தத்தின் பின் பிரயாணிகள் பெருகியமையால், 1956 முதல் 1966 வரை பத்தாண்டுத் திட்டமொன்று வகுத்து, சாலைகளை அகலமாக்கி, வண்டி நிறுத்தும் இடங்களையும் வரவேற்பு நிலையங்களையும் கட்டினர். இடம் பெருகப் பெருக வண்டிகளும் பெருகின. 2021-ஆம் ஆண்டில் எல்லோஸ்டோனில் பதிவான வருகைகள் 48 லட்சத்துக்கு மேல். நிறுத்த இடம் காணாதோர் புல்லின்மேல் வண்டியை ஏற்றிச் செடிகளை நசுக்குகின்றனர். அமைதி நாடி வந்தோர் நகரத்தில் விட்டுவந்த வண்டி வரிசையையே இங்கும் காண்கின்றனர்.

எட்வர்ட் ஆபி என்னும் எழுத்தாளர், பாலைநிலப் பூங்காவொன்றிற் காவலராய் இருந்தவர், 1968-இல் வெளியிட்ட நூலில், பூங்காக்களுக்குள் கார்களே வரலாகாது. நடந்தோ, சைக்கிளிலோ, குதிரையிலோ வரட்டும் என்று வாதித்தார். இதனைக் கேட்போர்க்கு உடனே ஓர் ஐயம் எழும். முதியோரும் நோயாளரும் கைக்குழந்தை உடையோரும் என் செய்வர்? மோட்டார் இல்லையேல் அவர்களுட் பலர் அம்மலைகளை ஒரு நாளும் காணார். மோட்டாரைத் தள்ளவும் இயலாது. தடையின்றி விடவும் இயலாது என்பது இதனால் தெளிவாம்.

கண்ட வழிகள்

இந்நிலையில் பூங்கா அதிகாரிகள் நடுவழி ஒன்றைத் தேடினர். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் கீழைக் கோடியில் 1970 முதல் சொந்தக் கார்களை விலக்கி, கட்டணமில்லாப் பஸ்களை ஓட்டலாயினர். அலாஸ்காவின் டெனாலிப் பூங்காவில் 92 மைல் நீளமுள்ள ஒரே சாலை உண்டு. புதிய நெடுஞ்சாலை ஒன்று திறந்ததனால் கூட்டம் பெருகும் என்று முன்னரே உணர்ந்து, 1972 முதல் அச்சாலையில் முதல் 15 மைலுக்கு அப்பால் சொந்தக் கார்களை விடாது, பஸ்களையே விட்டனர். பஸ்ஸில் இருப்போருள் யாரேனும் விலங்கைக் கண்டால் 'நிறுத்துக' என்று கூவுவர், ஓட்டுநர் நிறுத்துவார், யாவரும் காண்பர். தனித்தனிக் காரில் ஒருவன் கண்டது அவனோடு போம்; இங்கே ஒருவன் கண்டது நாற்பது பேருக்கும் உரியதாகின்றது. தம் காரிலேயே செல்ல விரும்புவோர்க்குக் கோடைப் பருவத்தின் இறுதியிற் சில நாட்கள் மட்டும் சீட்டுக் குலுக்கி இடம் கொடுப்பதும் உண்டு.

யூட்டா மாகாணத்தின் சயான் பூங்காவில், வர்ஜின் என்னும் ஆறு அறுத்த குறுகிய பள்ளத்தாக்கினுள் ஒரு சாலை செல்கின்றது. இருபக்கமும் வானளாவிய செம்பாறை; நடுவில் சாலைக்கு மட்டும் இடம். வண்டிகள் ஒன்றையொன்று நெருக்கி நின்ற அவ்விடத்தில், 2000-ஆம் ஆண்டு முதல் கூட்டம் மிகும் மாதங்களிற் சொந்தக் கார்கள் விலக்கப்பட்டன. பிரயாணிகள் கீழே வண்டியை நிறுத்திவிட்டுப் பஸ்களில் ஏறி, வேண்டிய இடத்தில் இறங்கி நடந்து, மறுபடியும் ஏறிக்கொள்கின்றனர். முதியோரும் வருகின்றனர், பள்ளத்தாக்கும் மூச்சு விடுகின்றது. மேலே கூறிய ஐயத்துக்கு இது தக்க விடை.

வேறு சில பூங்காக்கள் முன்பதிவு முறையைச் சோதித்தன. ராக்கி மலைப் பூங்கா 2020-லும், கிளேசியர்ப் பூங்கா 2021-லும், முன்னரே பதிவு பெற்ற வண்டிகளையே கூட்டமிகுந்த வேளையில் உள்ளே விட்டன. எல்லோஸ்டோனில் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெருவெள்ளம் வந்து வடவாயிற் சாலையை அடித்துச் சென்றது. பதினாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். பின்னர்ப் பூங்காவின் ஒரு பகுதியை மட்டும் திறந்தபோது, வண்டியின் பதிவெண் இரட்டை இலக்கத்தில் முடியுமாயின் இரட்டைத் தேதிகளிலும், ஒற்றையில் முடியுமாயின் ஒற்றைத் தேதிகளிலும் வரலாம் என்று சின்னாட்கள் விதித்தனர். 1916-இல் குதிரைக்கும் மோட்டாருக்கும் இடையே கால அட்டவணை. 2022-இல் மோட்டாருக்கும் மோட்டாருக்கும் இடையே தேதி அட்டவணை.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? மோட்டார் வண்டி சர்ப்பமும் அன்று, இரட்சகனும் அன்று. அஃது ஒரு வேலைக்காரன். எளியோரையும் முதியோரையும் மலையடிவாரத்திற் சேர்த்தது அதன் சிறப்பு. அவர்களுக்காகக் காணவும், நிற்கவும், வியக்கவும் அது மாட்டாது. விலங்கு எதிர்ப்பட்டபோது காத்திருத்தலும், பிறர்க்கு வழிவிடுதலும், ஊட்டாது விடுதலும், இறங்கிச் சிறிது தூரமேனும் நடத்தலும் பிரயாணியின் செயல். சாலையை விட்டு நெடுந்தூரம் செல்லாது மீள்வோரே அப்பூங்காக்களிற் பெரும்பாலோர். சாலையினின்று அரை மைல் நடந்தோர்க்கே, அக்கூட்டத்துக்கு நடுவிலும் தனிமை கிடைக்கின்றது.

பொதுப்பொருள் என்பது ஒவ்வொருவனுக்கும் உரியது. ஆதலினாலேயே எவன் ஒருவனும் அதனை முழுதும் நுகரலாகாது. ஐந்து பேர் அமரத்தக்க வண்டியில் ஒருவனாய்ச் சென்று, பத்துப் பேர் நிற்கும் இடத்தை அடைத்து நிற்போன், தன் உரிமையைக் கொண்டு பிறர் உரிமையைக் குறைக்கின்றான். பஸ்ஸில் ஏறுவோன் சிறிது சுதந்தரத்தை இழக்கின்றான். தனக்குப் பின் வருவோர்க்கு அம்மலையை மலையாகவே விட்டுச் செல்கின்றான். நம் மாணவருள் வருங்காலத்தில் தொலைநாடு சென்று இக்காட்சிகளைக் காண்போர் இருப்பின், மைற்கணக்கை மறந்து, வண்டியை ஒதுக்கி நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஒரு நாழிகை சும்மா இருந்து பார்ப்பார்களாக. அவர்கள் காண வந்த பூங்கா அந்நாழிகையில்தான் தொடங்கும்.